சுக்கோவும் அசூலாவும் சேர்வார்களா? ‘தி செர்ச்’ நூலகப் பதிப்பு

பெங்களூர் அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அனிமேஷன் தொடரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நெருப்பு நாட்டு இளவரசன் சுக்கோவும் அவனுடைய தங்கை அசூலாவும் என்றாவது ஒருநாள் சேர்ந்துவிடுவார்கள் என்ற ஊகம் தவறாமல் எழும். 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அத்தொடர், அரியணைக்காக இருவரும் மோதிய பிறகு, தோற்றுப்போன அசூலா சங்கிலியில் கட்டுண்டு கதறுவதோடு அவள் கதையை நிறுத்திக்கொள்கிறது. அந்த ஊகத்தை நம்புகிறவர்களும் மறுக்கிறவர்களும் அவசியம் படிக்க வேண்டியது, 2013இல் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘தி செர்ச்’ என்னும் சித்திரக்கதை. ஜீன் லுயென் யாங் எழுத, குரிஹிரு என்ற ஜப்பானிய ஓவியர் இணை வரைந்திருக்கிறது. மூன்று பாகங்களையும் சேர்த்துக் கெட்டி அட்டையுடன் வந்துள்ள நூலகப் பதிப்பையே நான் வாங்கினேன்.

கதையின் முடிவைத் தொடாமல் இந்த நூலை மதிப்பிட முடியாது. தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். காணாமற்போன தாய் உர்சாவைத் தேடிச் சுக்கோ புறப்படும்போது, மனநலக் காப்பகத்தில் இருக்கும் தங்கையையும் உடன் அழைத்துச் செல்ல நேர்கிறது. சுக்கோ தன் கணவனும் நெருப்பு நாட்டு மன்னனுமான ஓசாயின் மகனே அல்ல என்று தாய் எழுதிய கடிதம் ஒன்றை அசூலா மறைத்து வைத்திருக்கிறாள். அரியணை தனக்கே உரியது என்பதற்கு அவளிடம் உள்ள ஒரே சான்று அதுதான். ஆனால் அது, தன் கடிதங்களைக் கணவன் வழிமறித்துப் படிக்கிறானா என்று அறிய உர்சா வேண்டுமென்றே எழுதிய பொய்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நம் வீடுகளில் சொல்வது சுக்கோவுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. எவ்வளவு சீர்கெட்ட உறவானாலும் நீ என் தங்கைதான் என்று அவன் அவளிடம் சொல்லிவிடுகிறான். அசூலாவைத் தடுமாற வைப்பதோ தாயின் சொல். முகமும் நினைவும் மாறி, நோரிகோ என்ற பெயரில் வாழும் உர்சா, தன்னைக் கொல்ல வந்து நிற்கும் பெண் யாரென்றே தெரியாத நிலையில், நீ சொல்வது உண்மையானால் உன்னைப் போதுமான அளவு நேசிக்காததற்காக வருந்துகிறேன் என்கிறாள். அசூலாவின் முகத்தில் வெறி கலைந்து குழந்தையின் திகைப்பு வருவதைக் குரிஹிரு வரைந்திருக்கும் விதத்துக்காகவே அந்தப் பக்கத்தை மீண்டும் மீண்டும் புரட்டினேன். இருவரும் சேர வேண்டுமானால் அண்ணனின் மன்னிப்பு மட்டும் போதாது. தாய் தன்னை அரக்கியாகவே பார்த்தாள் என்ற எண்ணம் அவளுக்குள் முதலில் தீர வேண்டும் என்பதை இந்நூல் அழுத்தமாகக் காட்டுகிறது.

குறையும் உண்டு. அவ்வளவு பெரிய தருணத்துக்குப் பிறகு அசூலா காட்டுக்குள் ஓடி மறைவது அவசரமாக முடிக்கப்பட்டிருக்கிறது. சுக்கோவுடன் பயணிக்கும் தொடரின் நாயகன் ஆங், நண்பன் சொக்கா ஆகியோரின் வேடிக்கைப் பேச்சும் சில இடங்களில் கனத்தைக் குறைக்கிறது.

தனித்தனிப் பாகங்களைவிட நூலகப் பதிப்பே மேல். அளவு பெரியது, எழுத்தாளரும் ஓவியர்களும் எழுதிய குறிப்புகள் பக்க ஓரங்களிலேயே இருக்கின்றன. இதைப் படித்தபின் 2023இல் வந்த ‘அசூலா இன் தி ஸ்பிரிட் டெம்பிள்’ நூலையும் வாங்கலாம். மாறுவதற்கான வாய்ப்பு அதில் அவள் முன்னே வருகிறது. அவள் அதை ஏற்க மறுத்துவிடுகிறாள்.