டாக்கருக்கு டபிள்யூஎஸ்எல் 2-ஆ, ஹைப்பர்-வியா?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் மடிக்கணினி வாங்கி, டாக்கர் டெஸ்க்டாப் (செயலிகளைக் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) போட்டால் எஞ்சின் கிளம்பாமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று கேட்கும் தம்பி தங்கைகளே, முதலில் உங்கள் விண்டோஸ் ஹோமா, புரோவா என்று பாருங்கள். விண்டோஸில் டாக்கர் ஓட இரண்டு அடித்தளங்கள் உண்டு: விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, கணினிக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி. ஹோம் என்றால் ஹைப்பர்-வி கிடையாது, டபிள்யூஎஸ்எல் 2 மட்டும்தான்.

புரோ இருந்தாலும் நான் டபிள்யூஎஸ்எல் 2 பக்கம்தான். சீக்கிரம் எழும்புகிறது, மெமரியைத் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறது. ஆனால் வரம்பு வைக்காவிட்டால் 16 ஜிபி மெமரியில் பாதி வரை இழுத்துவிடும். அப்புறம் பிரௌசரும் எடிட்டரும் திணறும். உங்கள் யூசர் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் மெமரியை 4 ஜிபி என்று எழுதி, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்துவிட்டு மறுபடி திறவுங்கள். நீங்கள் எழுதும் புரோகிராம் கோப்புகளை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கமே வையுங்கள், வேகம் கண்கூடாகத் தெரியும்.

ஹைப்பர்-வியில் மெமரி, சிபியு அளவை டாக்கர் செட்டிங்ஸிலேயே மாற்றலாம், அது வசதி. அலுவலகம் டபிள்யூஎஸ்எல்லைத் தடுத்திருந்தால் அதுதான் வழி.

எதுவானாலும் பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) வர்ச்சுவலைசேஷன், அதாவது மெய்நிகர் கணினியை ஓட்டவிடும் வசதி, ஆனாகியிருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனால் கீழே வர்ச்சுவலைசேஷனுக்கு எதிரே 'எனேபிள்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் ஓடாது.