எக்ஸ்பாக்ஸ் கூட்டுக்குள் ஒரு கணினி: இரண்டரை வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இரண்டரை வருடத்தில் இந்தப் பெட்டியை இருபது முறைக்கு மேல் திறந்திருக்கிறேன். பழைய கேம் கன்சோலின் (டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி) கூட்டில் கணினி கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்த இருபது முறையில்தான் இருக்கிறது. கட்டி முடித்த அன்று எடுத்த படம் அழகாக இருக்கும். அதற்கு அப்புறம் அதனோடு தினமும் வாழ்வது வேறு விஷயம்.

கூடு, 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸுடையது. நண்பர் ஒருவர் இன்னொரு எக்ஸ்பாக்ஸைச் சரிசெய்ய இதன் உள்பாகங்களை எடுத்துவிட்டு, கூட்டை என்னிடம் கொடுத்தார். முன்பக்கப் பொத்தான் பலகையும் நான்கு கன்ட்ரோலர் போர்ட்டுகளும் மட்டும் மிச்சம் இருந்தன. ஓடுகிற கன்சோலைப் பிரித்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். நல்ல நிலையில் இருப்பவை வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.

இந்த மாடலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிறந்தபோதே இது பாதிக் கணினி. 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வகைச் சிப், 64 எம்பி நினைவகம், கணினியில் இருப்பது போன்ற ஹார்ட் டிஸ்க். கூடும் விசாலமானது, ஏறத்தாழ 32 × 26 × 10 சென்டிமீட்டர். 17 சென்டிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் வகை மதர்போர்டு (மற்ற பாகங்களெல்லாம் மாட்டும் முதன்மைப் பலகை) தாராளமாக உட்காரும். கணக்குப் பார்த்தால் 8 லிட்டருக்கு மேல் வருகிறது. இதைவிடச் சின்ன கேஸ்கள் இன்று எத்தனையோ உண்டு. இடம் மிச்சப்படுத்துவது மட்டும்தான் நோக்கம் என்றால் அவற்றில் ஒன்றை வாங்குவதே நல்லது.

உள்ளே இருப்பவை: ரைசன் 5 5600ஜி என்ற சிபியூ (முதன்மைச் சிப்), 16 ஜிபி நினைவகம் (பழையதைப்போல 256 மடங்கு!), ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஒரு எம்.2 எஸ்எஸ்டி, சிபியூவைக் குளிர்விக்க 37 மிமீ உயரமுள்ள தட்டைக் கூலர். வீட்டு மின்சாரம் கூட்டுக்குள் வரவே கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். 12 வோல்ட் அடாப்டர் வெளியே இருக்கிறது; உள்ளே ஒரு சின்ன டிசி பவர் பலகை மட்டும். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கேம்கள் 1080பி-யில் தடையில்லாமல் ஓடுகின்றன. எனக்கு அது போதும்.

முதல் பெரிய தவறு, மதர்போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப்களை (குட்டித் தூண்கள்) ஹாட் க்ளூ (உருக்கி ஒட்டும் பசை) வைத்து ஒட்டியது. முதல் வாரம் பாறை மாதிரி நின்றன. நான்காவது மாதம் ஒரு மாலை, பின்பக்கம் யூஎஸ்பி ஒயரைச் செருகினேன். உள்ளே பலகை லேசாகப் பின்வாங்கியது விரலில் தெரிந்தது. அரை மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். திறந்து பார்த்தால், சிபியூவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதிக்கு நேர் கீழே இருந்த ஸ்டாண்டாஃப், க்ளூவோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. க்ளூ உருகவில்லை. சூட்டில் இளகி, மென்ற மிட்டாய் போல நூலாக இழுபட்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் கவனிக்காமல் இருந்திருந்தால் பலகையின் அடிப்பக்கம் கூட்டின் உலோகத் தகட்டில் பட்டிருக்கும். அன்றிரவே க்ளூவையெல்லாம் சுரண்டி எடுத்தேன். மறுநாள் பலகையையே அச்சாக வைத்து நான்கு துளைகளைக் குறித்து, தகட்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் துளைத்து, அடியிலிருந்து எம்3 ஸ்க்ரூ போட்டேன். அதன் பிறகு அசையவில்லை. சூடு ஏறும் இடத்தில் பாரம் தாங்கும் வேலையை ஹாட் க்ளூவிடம் கொடுக்காதீர்கள். ஒயர்களைக் கட்டிப்போட அது நல்ல பொருள், அதோடு சரி.

அந்த உலோகத் தகட்டைத் தூக்கி எறியலாமா என்று பலர் கேட்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள். என் எஸ்எஸ்டி மதர்போர்டின் அடிப்பக்கத்தில் இருக்கிறது, காற்றே போகாத இடம். பெரிய ஃபைல்களை நகர்த்தும்போது 70 டிகிரியைத் தாண்டியது. எஸ்எஸ்டிக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேட் ஒன்று வைத்தால் தகடு முழுவதும் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று தோன்றியது. எத்தனை மிமீ பேட் வேண்டும்? குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு பொட்டு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, எஸ்எஸ்டிக்கு நேராகத் தகட்டின் மேல் வைத்துப் பலகையை மாட்டிக் கழற்றினேன். நசுங்கிய களிமண்ணை அளந்தால் 2 மிமீக்குச் சற்று அதிகம். மிருதுவான 2.5 மிமீ பேட் சரியாகப் பொருந்தியது. இப்போது அதே வேலையில் 58 டிகிரி.

ஆனால் அதே தகடு வைஃபைக்கு எதிரி. முதலில் ஆன்டெனாவைப் பக்கச் சுவரின் உள்ளே, தகட்டை ஒட்டி வைத்திருந்தேன். பக்கத்து அறையில் இருக்கும் ரவுட்டரிலிருந்துகூடச் சிக்னல் தள்ளாடியது. மேல் மூடியின் உட்புறத்துக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

காற்றோட்டத்துக்கு நான் போட்ட உழைப்பு வேறு எதற்கும் போடவில்லை. கூலர் மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது. அதற்கு நேர் மேலே மூடி, திறப்பே இல்லை. ஆகவே தான் வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. முழு வேலையில் 88 டிகிரி. மூடியில் இருக்கும் அந்தப் பெரிய எக்ஸ் வடிவ மேடுகளின் ஓரமாக, வெளியே தெரியாதபடி மெல்லிய பிளவுகள் போட்டேன். அறுக்கும் கருவியின் வேகத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகி ஒட்டும். பிறகு கூலரைச் சுற்றி ஃபோம் வளையம் ஒன்றை மூடியைத் தொடும் உயரத்துக்கு வெட்டி வைத்தேன். வெளிக்காற்று மட்டும் உள்ளே வர வேண்டும், அதற்குத்தான். 76-க்கு இறங்கியது. கடைசியாக பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) சிபியூவின் 65 வாட் வரம்பை 45 ஆக்கினேன். இப்போது 68-ஐத் தாண்டுவதில்லை, வேகத்தில் குறைந்ததாக எனக்குத் தெரியவும் இல்லை. ஃபேன் சத்தம் இரவில் அறை அமைதியாக இருந்தால்தான் கேட்கிறது.

இதையெல்லாம் மறக்கச் செய்வது முன்பக்கம். பழைய பவர் பொத்தானிலிருந்து இரண்டு ஒயர், மதர்போர்டின் பவர் ஸ்விட்ச் முனைகளுக்கு. அழுத்தினால் அதே பழைய ‘டக்’, எஜெக்ட் பொத்தானை (டிஸ்க் தட்டை வெளியே தள்ளுவது) சுற்றிய வளையத்தில் அதே பச்சை வெளிச்சம். எஜெக்ட் பொத்தானை முதலில் ரீசெட்டுக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் துணி வைத்துத் தூசி துடைக்கும்போது விரல் பட்டு, சேமிக்காத இரண்டு மணி நேர வேலை போயிற்று. இப்போது அது ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலர் பலகை வழியாகக் கீபோர்டு விசையாகச் செயல்படுகிறது. அழுத்தினால் கேம் பட்டியல் திறக்கும்.

கன்ட்ரோலர் போர்ட்டுகள் இன்னும் அருமை. வடிவம்தான் தனி, மின்னணுவில் அவை யூஎஸ்பி 1.1 தான். சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு ஒயர்களை யூஎஸ்பியின் அதே நிறங்களோடு சேர்த்தால் வேலை முடிந்தது. மஞ்சள் ஒயரைக் காப்பு போட்டு விட்டுவிடலாம். நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். நான் பயன்படுத்தும் லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தப் பழைய கன்ட்ரோலருக்கான டிரைவர், அதன் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. செருகினேன், உடனே வேலை செய்தது. இருபது வருடத்துக்கு முந்தைய அந்தக் கனமான கன்ட்ரோலர், தனக்கு உரிய போர்ட்டிலேயே மறுபடி உயிரோடு இருப்பதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்ட வேண்டியிருக்கிறது. கூட்டின் ஆறு டி20 (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூக்களில் நான்கு ரப்பர் கால்களுக்கு அடியிலும் இரண்டு ஸ்டிக்கர்களுக்கு அடியிலும் இருக்கின்றன. ரப்பர் கால்களைத் திரும்ப ஒட்டும் இருபக்க டேப்பை முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கிறேன். மூடிக்குப் போகும் ஒயர்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் கழற்றிச் செருகும் கனெக்டர் போட்டுவிட்டேன். முதலில் நேரடியாக சால்டர் செய்திருந்ததால் மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று அறுந்துகொண்டிருந்தது. இனி ஒன்று கட்டினால் அந்தக் கனெக்டர்களைத்தான் முதலில் வாங்குவேன், சிபியூவை அப்புறம்.

ஸ்க்ரூக்கள் நேராகப் பிளாஸ்டிக்கில் இறங்குபவை. பலமுறை திறந்தால் மரை தேய்ந்து போகும். அதனால் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புகிறேன். பழைய மரையில் விழும்போது கையில் சின்னதாக ஒரு ‘க்ளிக்’ தெரியும். அதன் பிறகுதான் வலப்பக்கம் முறுக்குவது. போன வாரம் சிபியூவுக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றத் திறந்தேன். திறக்கவும் மூடவும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. ஆறு ஸ்க்ரூவும் பழைய மரையிலேயே இறுகின.