‘300 வாட்’ ஸ்பீக்கர் செட்: டர்பனில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

டர்பனில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் (இப்போது அது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட், யார் அப்படிச் சொல்கிறார்கள்!) ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரையும் குட்டி ஆம்ப்ளிஃபயரையும் செட்டாகப் போட்டு விற்கும் கடை ஒன்றில் 3,800 ரேண்ட் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் செய்யும் வித்தை தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை. வேலை முடிந்து வந்து கச்சேரி கேட்கவும், ஞாயிற்றுக்கிழமை லோட்டஸ் எஃப்எம் போடவும் ஒரு சின்ன செட். அவ்வளவுதான்.

கடையில் போட்டுக் காட்டியபோது மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்துக் கனத்த ஒலி) கால் வழியாகத் தெரிந்தது. “பெட்டி சின்னதுதாங்கண்ணா, சவுண்டைக் கேளுங்க” என்றான் பையன். சீல் பிரிக்காத பெட்டியாகக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் போட்டால் தொப்பி அட்டைப்பெட்டியில் தட்டியதுபோல் வருகிறது. ஜால்ரா போர்வைக்குள் இருந்து கேட்கிறது. வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால் பாடகர் குரலே கரகரக்கிறது.

திரும்பக் கொண்டுபோனேன். பையன் மறுபடி கடை ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டி, “உங்க ரூம்தான் சரியில்லண்ணா” என்றான். இந்த முறை காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தேன். கவுன்டருக்கு அடியில் ஒரு சப்வூஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே தனிப் பெட்டி), பச்சை விளக்கு எரிந்துகொண்டு! ஸ்பீக்கரின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது செட்டில் வரும் குட்டி ஆம்ப்ளிஃபயருக்கே போகவில்லை. மேல் தட்டில் இருந்த பெரிய ரிசீவருக்குப் போகிறது. சப்வூஃபரை அணைக்கச் சொன்னேன். “அது வேற கஸ்டமருக்கு வச்சது” என்றான், அணைக்கவில்லை. நாலு அங்குல வூஃபரால் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலமாக இறங்க முடியாது. தரை அதிர்ந்தால் அந்தச் சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம்.

அடுத்தது வாட் கணக்கு. பெட்டியின் மேல் ‘300 + 300 வாட்’. உள்ளே இருக்கும் அடாப்டரில் 12 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினால் 36. அடாப்டர் தரக்கூடியதே 36 வாட் என்றால் ஆம்ப்ளிஃபயர் 600 வாட்டை எங்கிருந்து கொண்டுவரும்? 12 வோல்ட்டில் 8 ஓம் (மின்தடை) ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு, அதாவது ஒரு பக்கத்துக்கு, 9 வாட் வந்தாலே அதிகம். அதற்கு மேல் போனால் கரகரப்புதான். இந்த மாதிரிக் குட்டி ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இருப்பது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப். நல்ல சிப். அதற்கே தயாரிப்பாளர் சொல்வது 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, சேனலுக்கு 50 வாட்தான். பெட்டியில் போடும் 300, 1000 எல்லாம் பிஎம்பிஓ கணக்கு, அதாவது ஒரு கணத்து உச்ச சக்தி என்று விளம்பரத்துக்குப் போடும் எண்; அதை எப்படி அளப்பது என்று ஒரு பொது விதி கிடையாது, அவரவர் இஷ்டம். ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்ன, எத்தனை ஓமுக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடாப்டரைப் புரட்டிப் பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் அறைக்கு 9 வாட் தாராளம். 85 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தரும். வாட் இரட்டிப்பாக ஆக 3 டெசிபல் கூடும். 8 வாட்டில் 94 வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ‘9 வாட்’ என்று உண்மையைச் சொல்லி விற்றிருந்தாலும் வாங்கியிருப்பேன். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், லோட் ஷெட்டிங்கில் பாட்டு கேட்கலாம் என்றும் பையன் சொன்னான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

பெரிய மோசடி ஸ்பீக்கருக்குள் இருந்தது. மெர்பேங்கில் அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக் மாமா ஒருவர் இருக்கிறார். பெட்டியைக் கையில் தூக்கியதுமே, “காந்தமே இல்லையே தம்பி, இவ்வளவு லேசா இருக்கு” என்றார். ‘3-வே’ என்று போட்டு (தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், நடு ஒலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ட்வீட்டர்) முன்பக்கம் மூன்று வட்டம் இருந்தது. திருகைக் கழற்றினால் வூஃபருக்கு மட்டும் ஒயர் வருகிறது. நடு வட்டமும் ட்வீட்டரும் ஒட்டவைத்த பிளாஸ்டிக் மூடிகள். ஜால்ரா ஏன் கேட்கவில்லை என்று அப்போது புரிந்தது. பெட்டியைக் கழற்றாமலே இதைக் கண்டுபிடிக்கலாம் என்றும் மாமா காட்டினார்: ஜால்ரா நிறைய வரும் பஜனை ஒன்றைப் போட்டு, ட்வீட்டர் மேல் உள்ளங்கையை வைத்து மூடுங்கள். சத்தம் மங்க வேண்டும். மங்காவிட்டால் அது வெறும் மூடி.

ஆக, கடையில் கேட்கும்போது உங்களுக்குத் தரப்போகிற அதே ஆம்ப்ளிஃபயரில், அதே அடாப்டரில் போடச் சொல்லுங்கள். சப்வூஃபர் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் போனில் இருக்கும் உங்களுக்குப் பழகிய பாட்டையே போடுங்கள். அவர்கள் வைத்திருக்கும் டெமோ பாட்டு வேண்டாம். சின்ன அறைக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: காற்றுத் துளை பின்பக்கம் இருக்கும் ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் குழம்பும். முன்துளையோ மூடிய பெட்டியோ வாங்கினால் அந்தத் தொல்லை குறைவு.

இனி பணம். கடையில் ‘நோ ரீஃபண்ட்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். சீல் பிரித்தாகிவிட்டது, கிரெடிட் நோட்தான் என்றார் முதலாளி. அவர் பலகைக்கு மேல் சட்டம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமான கன்ஸ்யூமர் புரொடக்‌ஷன் ஆக்ட், 56-ஆம் பிரிவு: குறையுள்ள பொருளைக் கையில் வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அபராதம் கிடையாது, செலவு கடைக்காரருடையது. பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவுசெய்வது நாம்தான். ஆனால் குறையில்லாத பொருளை ‘பிடிக்கவில்லை’ என்று கடையில் திருப்ப இந்தப் பிரிவு உதவாது. தனியாள் ஒருவர் தன் பழைய செட்டை விற்றால் இந்தச் சட்டம் அங்கே வராது, அதனால் அப்படி வாங்கும்போது இரட்டிப்பாகச் சோதியுங்கள்.

பிரித்த ஸ்பீக்கரின் படங்களோடு, பிரிவு எண்ணைப் போட்டு ஈமெயில் அனுப்பினேன். அடுத்து கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் என்ற நுகர்வோர் புகார் அமைப்பிடம் போவேன் என்றும் எழுதினேன். அங்கே புகார் கொடுக்க நமக்குக் கட்டணம் இல்லை. அதற்கப்புறம் பணம் வந்தது, ‘ஹாண்ட்லிங்’ என்று 15 சதவீதம் பிடித்துக்கொண்டு. அந்த 570 ரேண்டுக்காக இப்போது ஆம்பட்டிடம் புகார் போட்டிருக்கிறேன். ஸ்லிப்பையும், ‘300 + 300’ என்று அச்சடித்த பக்கத்தையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவைத்தது உதவியது. கடை ஸ்லிப் சீக்கிரம் வெளுத்துப்போகும். என்னுடையதில் இப்போது தேதியே தெரியவில்லை.