3 இரவா, 56 நாளா? தியன் பியன் பு-வில் கியாப் எடுத்த முடிவு

1954 ஜனவரி 26, காலை. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட வியட்நாம் விடுதலைப் படையின் தளபதி வோ நுயென் கியாப், நாட்டின் வடமேற்கு மலைக்காட்டில் நடந்த கூட்டத்துக்கு வந்தபோது, நெற்றியில் மூலிகை இலை வைத்துக் கட்டியிருந்தது. நம் ஊர் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த இலை அது. இரவு முழுக்கத் தூக்கமில்லை, தலைவலி தாங்கவில்லை. வயது 42. ஹனோயில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவர், 1944 டிசம்பரில் வெறும் 34 பேரைக் கொண்டு படை தொடங்கியவர். இப்போது பல டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான வீரர்கள், அவர் வார்த்தைக்காகக் காத்திருந்தன. தியன் பியன் பு பள்ளத்தாக்கில் இருந்த பிரெஞ்சு முகாம் மீதான தாக்குதல் அன்று மாலை தொடங்க வேண்டும்.

அவர் முன் இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று, வேகமாக அடித்து வேகமாக வெல்வது. 2 பகல், 3 இரவு, நாலா பக்கமிருந்தும் பாய்ந்து பிரெஞ்சு முகாமை நொறுக்கிவிடுவது. மற்றொன்று, உறுதியாக அடித்து உறுதியாக முன்னேறுவது. ஒவ்வொரு குன்றாகப் பறித்துக்கொண்டு, பதுங்குகுழி வெட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் கழுத்தை நெரிப்பது.

இப்போது படிக்கும் நமக்கு இரண்டாவதுதான் சரி என்று சட்டென்று தோன்றும். அன்றைக்கு அப்படித் தோன்றியிருக்காது. முதல் வழிக்கும் வலுவான காரணங்கள் இருந்தன. 1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு வீரர்கள் பாராசூட்டில் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அரண்கள் முழுதாக எழும்பும் முன்பே அடித்துவிட்டால் வேலை சுலபம். சண்டை 3 நாளில் முடிந்தால் அரிசிக் கவலையும் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்திலிருந்து வரும் அரிசியில் பெரும்பகுதியைச் சுமந்து வருபவர்களே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டியிருந்த பாதை அது. மழைக்காலம் வந்தால் அந்தப் பாதையும் சேறாகிவிடும். வீரர்களும் துடித்துக்கொண்டிருந்தார்கள். சீன ஆலோசகர்களும் இந்தத் திட்டத்தின் பக்கமே நின்றார்கள். ஜனவரி 14 அன்று ஒரு குகையில் தளபதிகளைக் கூட்டி விளக்கியதும் இதே திட்டம்தான்.

ஆனால் அந்த வழி ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. டிசம்பரில் பார்த்த முகாம் வேறு, ஜனவரி கடைசியில் அங்கே நின்ற முகாம் வேறு. கம்பிவேலி, கண்ணிவெடி, டாங்கி, பீரங்கி எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. கியாப்பின் மனதை மூன்று சந்தேகங்கள் அரித்தன. அரண் கட்டி உட்கார்ந்த எதிரியில், பலப்படுத்தப்பட்ட ஒரு பட்டாலியனுக்கு (சில நூறு வீரர்கள் கொண்ட பிரிவு) மேல் தன் படை ஒரே மூச்சில் அழித்ததே இல்லை. பீரங்கியும் காலாட்படையும் இத்தனை பெரிய அளவில் கைகோத்துச் சண்டையிட்டுப் பழக்கமில்லை. தன் வீரர்கள் இரவுக்கும் மலைக்கும் பழகியவர்கள். இங்கேயோ பட்டப்பகலில், திறந்த வயல்வெளியில் ஓட வேண்டும்.

இந்தச் சந்தேகங்கள் ஏட்டிலிருந்து வந்தவை அல்ல. 1951 ஜனவரியில் வின் யென் சமவெளியில் அவசரப்பட்டு இறங்கி, பிரெஞ்சு விமானங்கள் வீசிய நாபாம் தீக்குண்டுகளில் வீரர்களைப் பறிகொடுத்தவர் அவர். 1952 கடைசியில் நா சான் என்ற இதே மாதிரி பிரெஞ்சு முகாமில் மோதித் திரும்பியவர். ஆழம் தெரியாமல் காலை விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அதற்கு விலை கொடுத்தது யார் என்பதும் தெரியும். அவரை நான் மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. இப்போது பின்வாங்கினால் வீரர்களிடம் என்ன சொல்வது, பிறகு உணவுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். கியாப் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: வெற்றி நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று யாராவது சொல்ல முடியுமா? யாரும் சொல்லவில்லை. வெற்றி உறுதியென்றால் மட்டும் அடி என்று நாட்டுத் தலைவர் ஹோ சி மின் சொல்லி அனுப்பியிருந்தார். தாக்குதல் நின்றது.

இரண்டாவது வழியின் முதல் விலையைக் கொடுத்தது பீரங்கி இழுத்தவர்கள். ஒரு 105 மி.மீ. பீரங்கியின் எடை 2 டன்னுக்கு மேல். லாரி போக முடியாத மலைச்சரிவில், இரவு இரவாகக் கயிறு கட்டி, கையாலேயே உள்ளே இழுத்து வந்திருந்தார்கள். இப்போது அதே கயிறு, அதே சரிவு, எல்லாவற்றையும் வெளியே இழுக்க வேண்டும். இறக்கத்தில் கயிறு அறுந்தால் பீரங்கி பாதாளத்துக்குப் போய்விடும். தோ வின் தியென் என்ற வீரர், நழுவிய விமான எதிர்ப்புப் பீரங்கியின் சக்கரத்துக்குக் குறுக்கே தன் உடம்பையே கொடுத்து நிறுத்தி, இறந்துபோனார்.

அப்புறம் ஆறு வாரத்துக்கு மேல் தயாரிப்பு. மலைச்சரிவைக் குடைந்து பீரங்கிகளைப் புதைத்தார்கள். சைக்கிளின் கைப்பிடியில் மூங்கில் கழியைக் கட்டி, சட்டத்தை வலுப்படுத்தி, ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டே வந்தார்கள். மிதிக்க முடியாது, பக்கத்தில் நடக்கத்தான் முடியும். சுமை கொண்டு வந்த மக்கள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல்.

மார்ச் 13 அன்று முதல் குண்டு விழுந்தது. எதிரி பீரங்கிகளின் வாயை அடைத்துவிடுவேன் என்று நம்பியிருந்த பிரெஞ்சு பீரங்கித் தளபதி பிரோத், இரண்டே நாளில் தற்கொலை செய்துகொண்டார். மார்ச் முடிவதற்குள் ஓடுதளத்தில் விமானம் இறங்க முடியாமல் போயிற்று. மே 7 அன்று முகாம் விழுந்தது. 56 நாள். மறுநாள் ஜெனிவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்க இருந்தது.

இந்த வழியில் இரத்தம் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வியட்நாம் தரப்புக் கணக்கிலேயே இறந்தவர்கள் 4,000-க்கு மேல். வெளியார் மதிப்பீடுகள் அதைவிடப் பெரியவை. ஏப்ரலில் படையின் மனமே சோர்ந்துபோயிருந்தது. ஆனாலும் முதல் வழியில் போயிருந்தால் வியட்நாமின் தேர்ந்த டிவிஷன்கள் அந்த வயல்வெளியிலேயே கரைந்திருக்கும், விடுதலை பல ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இதை வைத்து கியாப்பை நிதானத்தின் தளபதி என்று முத்திரை குத்துகிறவர்கள் 1975-ஐப் பார்க்க வேண்டும். ஜெனிவா பேச்சுக்குப் பிறகு வியட்நாம் வடக்கு, தெற்கு என்று பிரிந்திருந்தது. தெற்கைக் கைப்பற்ற வடக்கு வகுத்த திட்டம் இரண்டு ஆண்டுகளுக்கானது. மார்ச்சில் தெற்கின் மலைநாட்டு நகரமான புவோன் மா துவோட் விழுந்ததும், தெற்கு வியட்நாம் படை கலைந்து ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஏப்ரல் 7 அன்று கியாப் அனுப்பிய கட்டளையில் வேகம், இன்னும் வேகம், துணிவு, இன்னும் துணிவு என்று இருந்தது. ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒவ்வொரு நிமிடத்தையும் பயன்படுத்தச் சொன்னது. ஏப்ரல் 30 அன்று டாங்கிகள் தெற்கின் தலைநகரான சைகோனுக்குள் நுழைந்துவிட்டன.