ஹென்ட்ரிக் ஆண்ட்ரிசன் சிம்பொனிகள், முதல் தொகுதி: ஆறு வருடம் கேட்ட பிறகு

இந்த சிடியை வாங்கக் காரணம் ஹென்ட்ரிக்கின் மகன்தான். டச்சு இசையமைப்பாளர் லூயி ஆண்ட்ரிசனின் முரட்டு இசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருடைய அப்பா ஹென்ட்ரிக் (1892–1981) என்ன எழுதியிருப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். சிபிஓ என்ற இசைப்பதிவு நிறுவனத்தின் வெளியீடு. டாவிட் போர்செலைன் நடத்த, நெதர்லாந்து சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது.

முதலில் ஏமாற்றம்தான். 1930இல் எழுதிய முதல் சிம்பொனியைப் பேருந்தில் வைத்துக் கேட்டேன். மெல்லிய இடங்களை எல்லாம் எஞ்சின் சத்தம் விழுங்கிவிட்டது. மிச்சம் காதில் விழுந்தது வெறும் உரத்த பித்தளை வாத்தியங்கள். மகனின் வேகத்தை அப்பாவிடம் தேடியதும் தப்பு. நாலு தடவை கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, ஒரு ராத்திரி, வீடு அடங்கியபின் ஹெட்போனில் கூனாவ் வேரியேஷன்களைப் போட்டேன். தந்தி வாத்தியங்களுக்காக மட்டும் 1935இல் எழுதியது. கூனாவ், ஜெர்மனியில் லைப்சிக் தாமஸ் தேவாலயத்தில் யோஹான் செபாஸ்டியன் பாஹுக்கு முன்னால் இசைப் பொறுப்பில் இருந்தவர். அவருடைய சின்ன மெட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார் ஆண்ட்ரிசன். கடைசியில் ஃபியூக். ஒரு குரல் தொடங்க, அடுத்தது அதே மெட்டோடு வந்து சேர, அதன்மேல் இன்னொன்று. ஆர்கன் வாசிப்பவரின் இரண்டு கைகளும் கால்களும் தனித்தனியாகப் பேசுவது மாதிரி இருந்தது. நெதர்லாந்தின் ஹார்லெமிலும் யூட்ரெக்டிலும் தேவாலய ஆர்கன் வாசித்தவர்தானே அவர்! அன்றைக்கு மூன்று முறை கேட்டேன். அதற்கப்புறம் எத்தனை முறை என்று கணக்கே இல்லை.

பிறகு சிம்பொனிக்குத் திரும்பியபோது அது வேறு இசையாகக் கேட்டது. ஒரு வரி முடிகிற இடத்தில் அவர் அவசரப்படுவதில்லை, மூச்சு விடுகிறார். போர்செலைனும் அதைப் புரிந்துகொண்டு விரட்டாமல் நடத்துகிறார். தந்திப் பிரிவின் சத்தம் இந்தப் பதிவில் அவ்வளவு தெளிவு. கீழ் ஸ்தாயி குழம்பவே இல்லை.

இதே சிடியில் இருக்கும் பாலே நடன இசைத் தொகுப்பை லேசான சரக்கு என்று ரொம்ப நாள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். 1942இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பாளர்கள் அவரைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று பின்னால்தான் படித்தேன். போருக்குப் பிறகு எழுதிய இசை இது. அந்த உற்சாகத்தை இப்போது தாண்டிப் போக மனம் வருவதில்லை. சிடியில் உள்ள இன்னொரு படைப்பான சிம்பொனிக் எட்யூட் மட்டும் இன்னும் எனக்கு நெருங்கி வரவில்லை.

வாங்குகிறவர்கள் சிடியின் வரிசையில் போகவேண்டாம். முதலில் கூனாவ், மறுநாள் சிம்பொனி, நல்ல ஹெட்போனில், ராத்திரியில். 1949இல் அவர் எழுதிய ரிச்செர்காரே என்ற படைப்பு இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. இந்த மாதம் அதை வாங்கப் போகிறேன்.