கோப்ளின் படைக்கு நாலே நிறம்: சில வருடங்கள் கழித்து

மேசையில் விளையாடும் போர் விளையாட்டுக்கான சின்னப் பொம்மைகளுக்கு நிறம் தீட்டும் மினியேச்சர் பெயின்டிங்கில் இறங்குபவர்கள் முதலில் கேட்பது, எந்த பிராண்ட் பெயின்ட் நல்லது என்றுதான். சில வருடங்களாக ஒரே கோப்ளின் படைக்கு விட்டுவிட்டு பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், எந்தெந்த நிறங்களை வேண்டாம் என்று ஒதுக்குகிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கோப்ளின் என்பது கற்பனைக் கதைகளில் வரும் குட்டிப் பூதம், இந்த விளையாட்டுகளில் அதற்குப் பச்சை உடம்பு. வண்ணச் சக்கரத்தில் பச்சைக்கு எதிரே சிவப்பு. அதை நம்பி இரண்டையும் பளிச்சென்று அடித்தால் மேசை முழுக்கக் கிறிஸ்துமஸ் தோரணம் கட்டியது போலாகிவிடும். ஒன்று பளிச்சென்றால் இன்னொன்று மங்க வேண்டும். என் படையில் உடம்புக்கு மஞ்சள் தூக்கலான பச்சை, துணிக்கு மட்டான துருச்சிவப்பு. தோல்வார், மரப்பிடி, பை எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு, இரும்புக்கு மங்கிய வெள்ளி. கண்ணுக்கு மட்டும் ஒரு பொட்டு ஆரஞ்சு. அதை ஐந்தாவது நிறமாக நான் கணக்கில் எடுப்பதில்லை!

எதிர்நிறத்தைவிட முக்கியம் வெளிச்சமும் இருட்டும். 28 மில்லிமீட்டர் அளவு பொம்மையை விளையாடும் தூரத்திலிருந்து பார்த்தால் முகம் எங்கே, கை எங்கே என்பதுதான் கண்ணுக்குப் படவேண்டும். ஃபோனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். என் பச்சையும் துருச்சிவப்பும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத்தான் வரும். அதனால் மூக்கு, காது நுனி, விரல் முட்டி இவற்றில் மஞ்சள் கலந்து இன்னும் இரண்டு படி வெளுக்கிறேன். துணியை அப்படியே இருட்டில் விட்டுவிடுகிறேன்.

2019-ல் கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனியின் சிட்டடெல் பிராண்டில் கான்ட்ராஸ்ட் பெயின்ட் வந்தபின் பலரும் அந்த வகைக்கு மாறினார்கள். பள்ளத்தில் தேங்கி மேட்டில் மெலிவதால், ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் கிடைத்துவிடும். ரோமம், துணி மடிப்புக்கு அருமை. ஆனால் அகலமான கேடயத்தில் இந்த வகைப் பெயின்ட் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் திட்டுத்திட்டாக நிற்கும். அங்கே நான் சாதாரண அக்ரிலிக்கைத்தான் நீர்க்கக் கரைத்து இரண்டு பூச்சு கொடுக்கிறேன். விளையாடுகிற பொம்மை என்றால் மேலே பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சான மேட் வார்னிஷ் கட்டாயம். இல்லாவிட்டால் கை படும் முனைகளில் பூச்சு தேயும்.

நிழலுக்கு வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்கித் தங்கும் நீர்த்த பெயின்ட். சிட்டடெலின் கறுப்பு வாஷான நூல்ன் ஆயில், பழுப்பு வாஷான ஆக்ராக்ஸ் எர்த்ஷேட் இரண்டையும் பாட்டிலில் அடைத்த திறமை என்று கிண்டல் செய்வார்கள், அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பச்சை உடம்பில் பழுப்பு வாஷை முழுக்க ஓட்டினால் சேறு பூசியது போலாகும். கன்னக்குழி, அக்குள் போன்ற இடங்களில் மட்டும் ட்ரூக்கி வயலட் என்ற ஊதா வாஷை நீர்க்க வைத்துப் பாருங்கள், பச்சைக்கு உயிர் வரும்.

நீண்ட நாள் ஓடும் படை என்றால் இன்னொரு விஷயம். அடிப்படை நிறங்கள் பாட்டிலில் இருந்து நேராக வருபவையாக இருக்கட்டும். கலந்து செய்த நிறத்தை ஒரு வருடம் கழித்து அச்சு அசலாகத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. கலவை வெளிச்சப் படிகளுக்கு மட்டும் போதும். வயேஹோ பிராண்ட் மாதிரி சொட்டு பாட்டில் இருந்தால் இரண்டுக்கு ஒன்று என்று சொட்டுக் கணக்கை பொம்மை நிற்கும் பீடமான பேஸின் அடியில் எழுதி வைக்கலாம்.

பெயின்ட் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் பூச்சு ப்ரைமர். நம் ஊர் மழைக்காலத்தில் ஸ்ப்ரே ப்ரைமர் வெளிறிப் போகலாம், அதனால் பிரஷ்ஷில் பூசும் ப்ரைமருக்கு மாறிவிட்டேன். ஃபேன் காற்றில் பெயின்ட் சட்டென்று உலரும், ஆகவே நனைந்த ஸ்பாஞ்ச் மேல் பட்டர் பேப்பர் போட்ட வெட் பேலட்டில்தான் பெயின்டை எடுத்து வைக்கிறேன். பிரஷ் விஷயத்தில், மிகச் சின்னதான மூன்று சைபர் (000) பிரஷ்ஷை வாங்குவதற்குப் பதில் முனை கூர்மையான 1-ஆம் நம்பர் ஒன்று போதும்.

அடுத்து இதே படையில் ட்ரோல் என்ற பெரிய பூதம் ஒன்று சேர்கிறது. உடம்பு நீலச்சாம்பல் என்று முடிவு செய்திருக்கிறேன். இடுப்புத்துணியும் பேஸ் மண்ணும் பழையபடியே இருந்தால் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். கண் மட்டும் ஆரஞ்சா, மஞ்சளா என்று இன்னும் தீரவில்லை.