காஷானா, கஷ்காயா: ஈரக்காற்று வீட்டுக்கு எந்தப் பழைய கம்பளம்?

பழைய பாரசீகக் கம்பளம் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான்: இரானின் காஷான் நகரத்துப் பட்டறையில் நெய்த காஷான், அல்லது தெற்கு இரானில் ஷிராஸ் பக்கத்து கஷ்காய் நாடோடிகள் நெய்த கஷ்காய். படத்தில் பார்த்தால் காஷான்தான் ஜெயிக்கும். நாகர்கோவில் வீட்டுத் தரையில் விரித்தால் கணக்கு மாறும்.

காஷானுக்கு முதலில் கட்டம் போட்ட தாளில் வரைபடம் எழுதுவார்கள். நிமிர்ந்த தறி, பருத்திப் பாவு (முடிச்சுகளைத் தாங்கும் நீளவாட்டு நூல்), நெருக்கமான முடிச்சு. அதனால்தான் பூவும் கொடியும் அப்படி வளைந்து ஓடுகின்றன, ஓரமும் நேராக நிற்கிறது. கஷ்காய் பெண்கள் பெரும்பாலும் நினைவிலிருந்தே நெய்தார்கள். தரையில் முளையடித்த தறி, கூடாரத்தைப் பெயர்க்கும்போது அதையும் சுருட்டிக்கொண்டு போகலாம். பாவும் கம்பளி. கட்டங்கள், சின்னச் சின்ன ஆடு, பறவை. ஓரம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். நூலை அவ்வப்போது சாயம் போட்டதால் ஒரே சிவப்பு நடுவில் நிறம் மாறும். அதைக் குறை என்று விலை பேசாதீர்கள், விரும்பி வாங்குபவர்களே உண்டு.

இனி நம் ஊர் விஷயம். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. குளச்சல், முட்டம் பக்கமென்றால் கடல் ஈரமும் சேரும். பருத்திப் பாவு பல வருடம் ஈரம் குடித்தால் உள்ளுக்குள் இற்றுப்போகும். மேலே பூ பளபளவென்று இருக்கும், மடக்கினால் முறுக்கு உடைவதுபோல் சத்தம் வரும். அந்தக் காஷானை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கம்பளிப் பாவு அவ்வளவு எளிதில் இற்றுப்போகாது. ஆனால் இழுபட்டு அலையலையாகக் கிடக்கும், அந்துப்பூச்சிக்கும் கூடுதல் தீனி. கட்டிலுக்கு அடியில் அசையாமல் கிடந்தால் எந்தக் கம்பளத்துக்கும் ஆபத்துதான். மாதம் ஒருமுறை திருப்பிப் போடச் சோம்பல் என்றால் இரண்டுமே வேண்டாம்.

வழுக்கை விழுந்த காஷானின் விலைக்கு, மயிர் நிறைந்த கஷ்காய் பல நேரம் கிடைத்துவிடும். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சுவரில் மாட்டவோ ஏசி அறையில் போடவோ என்றால், சரி, காஷான் எடுங்கள்.

வயதில்தான் ஏமாற்று அதிகம். இரானின் கோம் நகரில் கம்பள நெசவு வேரூன்றியதே 1930களில். ‘150 வருடத்துக் கோம் பட்டு’ என்று ஒருவர் காட்டினால் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். காஷான் என்ற பெயரும் போதாது, இன்று அந்த ஊர் இயந்திரக் கம்பளத்துக்கும் பெரிய மையம். இரானின் தென்கரைக்கு மீன்பிடி வேலைக்குப் போகும் நம் ஆட்களிடம் ‘ஒரு காஷான் வாங்கி வா’ என்று சொன்னால் அந்த வகைதான் வந்து சேரக்கூடும். குஞ்சத்தைப் பாருங்கள்: கைநெசவில் அது பாவு நூலின் நுனி, இயந்திரக் கம்பளத்தில் பெரும்பாலும் தனியாகத் தைத்த ஒட்டு.

காஷ்மீர்க்காரர்கள் காஷான் வடிவத்தை அருமையாக நெய்வார்கள். வாங்குவதில் தப்பில்லை, காஷ்மீர் விலை கொடுத்தால் போதும்.

இணைய ஏலத்தில் வாசனை தெரியாது, மடக்கிப் பார்க்கவும் முடியாது. ஏல நிறுவனத்தின் கமிஷன், கப்பல் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்தால் மலிவும் மலிவாக இருக்காது. ரயிலேறி கொச்சி மட்டாஞ்சேரி பழம்பொருள் கடைகளுக்குப் போவது மேல். வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்பில் தேயுங்கள். தேய்ந்த இடத்தில் மை பூசி மறைத்திருந்தால் துணியில் ஒட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கொடுக்கலாம் என்று வாங்குகிறவர்கள் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 வயது தாண்டிய கைவினைப் பொருள் அதற்குள் வந்துவிட்டால், தனிநபர் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது.